குற்றவாளி யார்?

இன்றைய உலகம் கணிப்பொறி உலகம். வங்கியிலும் மருத்துவமனையிலும் இரயில் நிலையத்திலும் அதன் ஆட்சியே நடக்கிறது. கடையில் முழுதாக வாங்குவதோடு அமையாமல், பாகங்களைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே பொருத்திக் கொள்வோரும் உண்டு. தம் கையால் பொருத்திய இயந்திரம் முதன்முதலில் ஓடும்போது உண்டாகும் மகிழ்ச்சி பெரிது. ஆனால், ஓடிய இயந்திரம் காரணம் தெரியாமல் நின்று நின்று போனால்? அந்த வேளையில் நாம் செய்வதில்தான் நம் அறிவும் பண்பும் வெளிப்படுகின்றன என்பது என் கருத்து.

எங்கள் இல்லத்தில் நடந்ததையே சொல்கிறேன். கல்லூரியில் பயிலும் என் அக்காள், டியூஷன் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணத்தில் பாகங்களை வாங்கித் தானே ஒரு கணிப்பொறியைப் பொருத்தினாள். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் திரை நீல நிறமாகி, இயந்திரம் தானே நின்று தானே தொடங்கியது. மாலைக்குள் நான்கு முறை! உடனே ஆளுக்கொரு தீர்ப்பு. "பவர் சப்ளை மட்டம்" என்றார் மாமா. "வீட்டில் வோல்டேஜ் சரியில்லை" என்றார் கடைக்காரர். "விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி போடு" என்றான் சித்தப்பா மகன். அடுத்த வீட்டுப் பாட்டியோ, "பொம்பளைப் பிள்ளை திருப்புளியைப் பிடித்தால் இப்படித்தான்" என்று ஒரே வரியில் வழக்கை முடித்துவிட்டார்.

அப்பா புதிய பவர் சப்ளை வாங்கி வந்தார். பணம் போயிற்று, நோய் போகவில்லை. விண்டோஸையும் மறுபடி போட்டார்கள். அக்காள் பாதி எழுதி வைத்திருந்த கட்டுரை அழிந்ததுதான் மிச்சம். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. இயந்திரம் கெட்டதைவிட, தன் கை ராசியில்லாத கை என்று பிறர் சொன்னதே அவளை வருத்தியது.

தோழியரே, இங்கே நடந்த தவறு யாது? விசாரணைக்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்டது! நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, பின்னரே தணிக்கும் வழியைத் தேட வேண்டும் என்று வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் கூறியது மனித உடலுக்கு மட்டுமா?

மறுநாள் அக்காள் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். எந்த நேரத்தில் நின்றது, அப்போது என்ன வேலை நடந்தது, வெப்பம் எவ்வளவு என்று எழுதத் தொடங்கினாள். மாமா பவர் சப்ளையைக் குறை கூறியதற்கும் காரணம் இருந்தது. விண்டோஸின் பதிவேட்டில் 'கெர்னல் பவர் 41' என்ற வரி இருந்ததை அவர் கண்டிருந்தார். ஆனால், இயந்திரம் முறைப்படி நிறுத்தப்படாமல் நின்றுபோயிற்று என்பதே அந்த வரியின் பொருள். ஏன் நின்றது என்று அது சொல்வதில்லை. பெயரில் 'பவர்' இருந்ததால் பவர் சப்ளை குற்றவாளியாயிற்று!

பிறகு அவள் தனக்குத்தானே ஒரு விதி வகுத்துக் கொண்டாள்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது. முதலில் மின் இணைப்பைத் துண்டித்து, பிராசசருக்கும் மதர்போர்டுக்கும் செல்லும் இணைப்புகள் நன்றாக அழுந்தியிருக்கின்றனவா என்று பார்த்தாள். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்கவில்லை. இணைப்பைத் துண்டித்த பின்னும் அதனுள் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். வெப்பம் அளவோடு இருந்தது. அடுத்து, பயாஸில் ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்.எம்.பி. என்ற அமைப்பை நிறுத்தி, இயல்பான வேகத்துக்குக் கொண்டு வந்தாள். புதிய இயந்திரங்கள் பல இந்த வேகத்தைத் தாங்காமலே தடுமாறுகின்றன. அப்படியும் இயந்திரம் நின்றது.

அதன்பின் விண்டோஸ் தொடங்குமுன்பே ஓடி ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற புரோகிராமை இரவு முழுவதும் ஓட விட்டாள். காலையில் பிழைகள் வரிசையாக நின்றன. இச்சோதனையில் ஒரே ஒரு பிழை வந்தாலும் தேறவில்லை என்றே கொள்ள வேண்டும். ஆனால் குற்றம் ரேம் அட்டையிலா, அது செருகப்பட்ட இடத்திலா? இரண்டு அட்டைகளில் ஒன்றை மட்டும் செருகினாள், பிழையே இல்லை. அதே இடத்தில் மற்றதைச் செருகினாள்; பிழை. அதை வேறு இடத்தில் செருகினாள், அங்கும் பிழை. குற்றவாளி அகப்பட்டான்! கடையில் நோட்டுப் புத்தகத்தைக் காட்டியதும் மறுபேச்சின்றி வாரண்டியில் எடுத்துக் கொண்டார்கள்.

இம்முறை அறிஞர்கள் கையாண்ட முறைதான். அமெரிக்காவில் லிஞ்ச்பர்க் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, 1994 ஜூனில் தம் கணக்குகளில் ஒரு முரண்பாட்டைக் கண்டார். புதிதாகச் சேர்த்த பென்டியம் கணிப்பொறியின் மேல் அவர் உடனே பழி போடவில்லை. தம் புரோகிராமில் பிழையோ, மதர்போர்டில் குறையோ என்று ஒவ்வொன்றாக விலக்கினார். அக்டோபரில்தான் பிராசசரே வகுத்தல் கணக்கில் தவறுகிறது என்று அறிவித்தார். விளைவு? இன்டெல் நிறுவனம் கேட்டவர்க்கெல்லாம் மாற்றித் தர முன்வந்தது, 47.5 கோடி டாலர் செலவையும் தன் கணக்கில் ஏற்றது. அதே நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணிப்பொறிப் பிராசசர்கள் சிலவும் தடுமாறின. 2024இல் குறை ஒப்புக் கொள்ளப்பட்டு, வாரண்டி 2 ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. அந்தக் குறை வெளிப்படுமுன் எத்தனை பேர் தங்களையே நொந்து கொண்டார்களோ!

பாட்டியின் தீர்ப்புக்கும் விடை உண்டு. 1946இல் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணிப்பொறியில் ஏறத்தாழ 18,000 வால்வுகள் இருந்தன. அதற்குப் புரோகிராம் அமைத்தவர்கள் 6 பெண்கள். விளக்க நூல் ஏதுமின்றி, வரைபடங்களைக் கொண்டே இயந்திரத்தைக் கற்று, பழுது எந்த வால்வில் என்று கண்டுபிடிக்கும் அளவுக்குத் தேர்ந்தார்கள். அவர்களுள் ஒருவரான கே மெக்னல்டி, ஃபிலடெல்ஃபியாவில் நம்மைப் போலவே ஒரு கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியில் படித்தவர். திருப்புளி ஆணுக்கென்று எழுதப்பட்ட சாசனம் எங்கே இருக்கிறது?

"இவ்வளவு பொறுமை யாருக்கு உண்டு? பழுது பார்ப்பவரிடம் கொடுத்தால் போதாதா?" என்று கேட்கலாம். கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் அவரும் ஊகத்தால் பாகங்களை மாற்றினால், செலவு நமதே. குறிப்பெழுதிக் கொண்டு போகிறவளை எவரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

பயனில்லாமல் வாங்கிய அந்தப் பவர் சப்ளை இன்றும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. அதைக் காணும்போதெல்லாம் வேறொன்றும் என் நினைவுக்கு வருகிறது. வகுப்பில் ஒரு பேனா காணாமற்போனால், தேடுமுன்பே யார் மேலாவது நம் கண் திரும்புகிறதே, அது ஏன்? இயந்திரத்தின் மேல் வீண்பழி விழுந்தால் பணம்தான் நட்டம். மனிதர் மேல் விழுந்தால் ஒரு மனமே உடைகிறது. பதறாத காரியம் சிதறாது. சோதித்துப் பார்ப்போம், பின்னர்த் தீர்ப்புக் கூறுவோம்!