கடல் இட்ட பந்தி

கடலின் செல்வத்தைக் கரை சேர்ந்த மீனின் எடையால் அளப்பது மனிதனின் வழக்கம். கடலில் எஞ்சியிருக்க வேண்டிய மீன் எவ்வளவு என்னும் கேள்வி அக்கணக்கில் இடம்பெறுவதில்லை. இக்குறையின் விளைவை உணர்த்துகிறது, வட அட்லாண்டிக் கடலில் வாழும் ஹெர்ரிங் மீனின் வரலாறு.

ஹெர்ரிங், தமிழகக் கரைகளில் கிடைக்கும் சாளை மீனுக்கு உறவினம். கதிரவன் ஒளியால் வளரும் தாவர மிதவை உயிரிகளை விலங்கு மிதவை உயிரிகள் உண்கின்றன. அவற்றை உண்டு கொழுக்கும் ஹெர்ரிங், காட் மீனுக்கும் சீலுக்கும் திமிங்கிலத்திற்கும் கடற்பறவைக்கும் இரையாகிறது. கண்ணுக்குப் புலப்படாச் சிற்றுயிர்களின் ஆற்றலைப் பேருயிர்களிடம் சேர்க்கும் பாலம் இச்சிறுமீனே.

நார்வே நாட்டுக் கடலில் அப்பாலம் ஒருமுறை முறிந்தது. மீன்கூட்டம் இருக்குமிடத்தை ஒலியலைக் கருவி காட்டியது. இயந்திர விசையால் இழுக்கப்பட்ட சுருக்குமடி வலை அக்கூட்டத்தை வளைத்து அள்ளியது. இளமீன்களும் தப்பவில்லை. பிடிபட்டவற்றில் பெரும்பகுதி மீன்தூளாகவும் எண்ணெயாகவும் மாறியது. 1960களின் இறுதியில் அம்மீன்வளம் சரிந்து வீழ்ந்தது.

வடக்கே ரோஸ்ட் தீவுகளில் பஃபின் பறவைகள் நிலவளைகளில் குஞ்சு பொரிக்கின்றன. கடல் நீரோட்டத்தில் மிதந்துவரும் ஹெர்ரிங் குஞ்சுகளே அவற்றின் குஞ்சுகளுக்கு முதன்மை உணவு. 1969 முதல் 1982 வரை பெரும்பாலான ஆண்டுகளில் அவ்வுணவு வரவில்லை. பறவைக் குஞ்சுகள் வளைகளிலேயே பட்டினியால் மடிந்தன. வலைவீசியவர் எவரும் பறவைகளுக்குத் தீங்கு எண்ணவில்லை. ஆயினும், அவற்றின் உணவு முன்னரே அள்ளப்பட்டுவிட்டது.

மீன்பிடிப்பைக் கட்டுப்படுத்தினால் மீனவர் வாழ்வு நலியும் என்பர் சிலர். அக்கவலை நியாயமானது. ஆனால், நார்வேயில் மீன் அற்றபோது மீன்பிடித் தொழிலும் உடன் முடங்கியது. கடுமையான கட்டுப்பாடுகளுக்குப் பின்னரும் உடனே பயன் விளையவில்லை. 1983ஆம் ஆண்டில் பிறந்த மீன்கள் மிகுதியாகப் பிழைத்த பிறகே வளம் மீளத் தொடங்கியது. சில ஆண்டுப் பேராசைக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் விலையாயின.

எனவே, பிடிக்கும் அளவை வரையறுக்கும்போது இனப்பெருக்கத்திற்குரிய மீனையும் பிற உயிர்களுக்குரிய மீனையும் முதலில் ஒதுக்குதல் வேண்டும். மனிதனின் பங்கு அதன் பின்னரே கணக்கிடப்பட வேண்டும். கடல் இட்ட பந்தியில் மனிதனும் ஒரு விருந்தினன். பிறர் இலையையும் சேர்த்து வழித்தெடுக்கும் உரிமை விருந்தினனுக்கு இல்லை.