பாறைமேல் பழி போட்டது போதும், ஊர் ஊராக இறங்குவோம்!

தோழர்களே!

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கிராமங்களில் வாய்விட்டுச் சிரிக்கக் கூசும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை; எந்தப் பற்பொடியாலும் போகாது. அதே தெருவில் முதுகு விறைத்து, முட்டி மடங்காமல், களைவெட்டக் குனிய முடியாத கூலித் தொழிலாளிகளையும் பார்த்திருப்பீர்கள். இரண்டுக்கும் காரணம் குடிதண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடு. தலையெழுத்து என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்தால் நாம் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது.

இந்தத் தண்ணீரின் கதை பாறையில் தொடங்குகிறது. தெரிந்துகொண்டு களத்துக்குப் போவோம். நம் காலடியில் கிடப்பது சுமார் 250 கோடி ஆண்டுப் பழைய கடும்பாறை: சார்னோகைட், கிரானைட் நைஸ். சாமல்பட்டிப் பக்கம் இவற்றை ஊடுருவி வந்த கார்பனடைட் பாறைகளும் உண்டு. ரிக் வண்டி துளை போடும் இடத்தில் வெளியே கொட்டும் கல்மாவை உள்ளங்கையில் அள்ளிப் பாருங்கள். சாம்பல் நிற மாவுக்கு நடுவே கறுப்பாக மினுமினுக்கும் செதில்கள் தெரியும். அதுதான் பயோடைட் என்கிற கறுப்புக் காக்காப்பொன். அதிலும், ஹார்ன்பிளெண்ட், அப்படைட் போன்ற கனிமங்களிலும் ஃபுளோரைடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. காரத்தன்மை உள்ள தண்ணீர் பாறை இடுக்கில் நெடுநாள் தங்கினால், தண்ணீரிலுள்ள ஹைட்ராக்சில் அயனி கனிமத்துக்குள் போய், ஃபுளோரைடு தண்ணீருக்கு வந்துவிடும்.

கால்சியம் தாராளமாக உள்ள தண்ணீரில் ஃபுளோரைடு ஓரளவுக்கு மேல் ஏறாது. கால்சியம் அதைப் பிடித்துப் படிய வைத்துவிடும். சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்து கால்சியம் குறைந்த தண்ணீரில் அந்தத் தடை இல்லை. அதனால் உப்புக் கரிக்காத, பருப்பு நன்றாக வேகிற தண்ணீரிலும் ஃபுளோரைடு மிகுந்திருக்கலாம். அதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு கூடவே செய்யும்.

முன்பு மழை ஊறும் மேல்மண்ணிலும் சிதைந்த பாறையிலும் வெட்டிய கிணறுகளில் இறைத்தோம். அவை வற்றின. ஆயிரம் அடி வரை துளை போட்டோம். ஆழத்து இடுக்குகளில் தண்ணீர் பாறையோடு நெடுங்காலம் உறவாடிக் கிடக்கிறது. பெரும்பாலும் அங்கேதான் ஃபுளோரைடு கூடுகிறது. ஒரு கிணறு நன்றாக இருக்கும். ஐம்பது அடி தள்ளி இன்னொன்று கெட்டிருக்கும். பாறையும் இடுக்கும் அங்கே வேறு. ஆகவே ஊருக்கு ஒரு மாதிரி எடுத்துவிட்டுத் திரும்புவது வேலையாகாது.

நம்முன் உள்ள கடமைகள் நான்கு.

ஒன்று: ஒவ்வொரு அடிபம்பையும், ஒவ்வொரு ஆழ்துளைக் கிணற்றையும் சோதியுங்கள். பள்ளி, அங்கன்வாடி முதலில். களச் சோதனைப் பெட்டியில் உள்ள சிர்கோனியம்-அலிசரின் கரைசலைத் தண்ணீரில் விட்டால், ஃபுளோரைடு குறைவாக இருக்கும்போது சிவப்பு நிற்கும். கூடக் கூட வெளிறி மஞ்சளாகும். மக்கள் கண்ணெதிரே செய்யுங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. அதைத் தாண்டிய குழாயில் சிவப்பு வர்ணம் அடித்து, குளிக்க, துவைக்க மட்டும் என்று எழுதுங்கள். சமையலுக்கும் ஆகாது, களி கிண்டும் தண்ணீர் முழுதும் வயிற்றுக்குத்தான் போகிறது.

இரண்டு: ஒகேனக்கல் காவிரி நீரைக் கேட்டுப் பெறுங்கள். 2008இல் அடிக்கல் நாட்டி, 2013இல் தொடங்கிய கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்த நோயைத் தடுக்கவே ஜப்பான் கடனுதவியோடு வந்தது. காவிரித் தண்ணீரையும் ஆழ்துளைத் தண்ணீரையும் ஒரே மேல்நிலைத் தொட்டியில் கலந்தால் திட்டத்தின் நோக்கமே பாழ். தனித் தொட்டி, தனிக் குழாய், கடைசித் தெரு வரை விநியோகம்: இதைத் தீர்மானமாக எழுதிக் கிராம சபையில் வையுங்கள். மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, எந்தச் சபையையும் விடாதீர்கள்.

மூன்று: ஏரிகளையும் வரத்துக் கால்வாய்களையும் மீட்போம். மேல்நீர் ஊறினால் கிணறு பிழைக்கும், ஃபுளோரைடும் நீர்க்கும். கூரை மழைநீரைச் சேமித்தால் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குடிக்க ஆகும்.

நான்கு: நோயை முன்கூட்டியே கண்டறியுங்கள். முழங்கால் மடக்காமல் கால்விரலைத் தொட முடிகிறதா? மோவாய் நெஞ்சைத் தொடுகிறதா? இரு கைகளையும் பிடரிக்குக் கொண்டுபோக முடிகிறதா? முடியாதவர்களின் பட்டியல் எடுத்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கேழ்வரகு, மோர், முருங்கைக்கீரை, நெல்லிக்காய் பிள்ளைகளின் தட்டில் இருக்கட்டும். கால்சியமும் வைட்டமின் சியும் பாதிப்பைக் குறைக்க உதவும். நல்ல தண்ணீருக்கு அவை ஈடு அல்ல என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

காசுள்ள வீடு கேன் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. கூலி வீடு அடிபம்பையே நம்பி நிற்கிறது. பாறை சாதி பார்க்கவில்லை, வர்க்கம் பார்க்கவில்லை; குழாய் போட்டவர்கள் பார்த்தார்கள். ஆகவே இது நம் போராட்டம்.

தோழர்களே, பிள்ளையின் நிரந்தரப் பல் ஈறுக்குள் உருவாவது முதல் எட்டு வயதுக்குள். அப்போது விழுந்த கறையை எந்த அரசாணையும் போக்காது. விறைத்த எலும்பும் பழைய நிலைக்குத் திரும்பாது. இன்று கைக்குழந்தையாக இருப்பவர்களைக் காப்பாற்ற நமக்குச் சில ஆண்டுகள்தான் இருக்கின்றன. அடுத்த கூட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே உங்கள் ஊரின் குழாய்களைக் கணக்கெடுங்கள், சோதியுங்கள், முடிவை ஊர்ச் சுவரில் எழுதுங்கள். நல்ல தண்ணீர் வரும்வரை ஓயாதீர்கள்!