கொல்லன் பெயர் கடல் கடந்த கதை

சென்ற வாரம் நம் வகுப்பில் ஒரு சிறுவன் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டான். போலந்து தேசத்துத் தம்பதிகள் இருவரைப் பற்றிய செய்தி ஒன்றை அவன் ஏதோ ஒரு பத்திரிகையில் படித்திருக்கிறான். கணவருடைய குடும்பப் பெயர் கோவால்ஸ்கி என்றும், மனைவியினுடையது கோவால்ஸ்கா என்றும் அதில் அச்சாகியிருந்தது. "ஸார், இது அச்சுப் பிழைதானே?" என்றான். வகுப்பில் சிரிப்பு எழுந்தது. நாம் சிரிக்கவில்லை. அந்த ஓர் எழுத்து வித்தியாசத்திற்குள்ளே ஒரு பாஷையின் இலக்கணமும் ஒரு ஜாதியாரின் துயரமும் சேர்ந்து கிடக்கின்றன. அதற்குள் மணி அடித்துவிட்டபடியால் பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. மீதிப் பாதியை இந்த வாரம் நேயர்களையும் கூட வைத்துக்கொண்டு சொல்லிவிடுகிறோம்.

போலிஷ் பாஷையில் 'கோவால்' என்றால் கொல்லன். உலகத்தில் எங்கே போனாலும் கொல்லன் பெயருக்குப் பஞ்சமில்லை. இங்கிலீஷ்காரரின் ஸ்மித், ஜெர்மானியரின் ஷ்மிட், பிரெஞ்சுக்காரரின் லெபெவ்ர், இத்தாலியரின் பெராரி, ஹங்கேரியரின் கோவாச், ருஷ்யரின் குஸ்நெத்ஸோவ் எல்லாம் உலைக்களத்திலிருந்து எழுந்து வந்த பெயர்களே. கலப்பையின் கொழுவும், குதிரையின் லாடமும், கதவின் தாழ்ப்பாளும் ஒருவன் கையினால் ஆகவேண்டியிருந்த காலத்தில், ஊருக்கு ஒரு கொல்லன் இருந்தே தீரவேண்டும். அவனுடைய தொழிலே அவனுக்கு அடையாளமாகிவிட்டது.

ஆனால் கோவால்ஸ்கி என்பதற்கு இன்னொரு பிறப்பும் உண்டு. பழைய பியாஸ்ட் வம்சத்து அரசர்கள், தங்கள் கோட்டைகளுக்கு வேண்டிய பண்டங்களைச் செய்து கொடுப்பதற்கென்று தொழிலுக்கொரு கிராமமாக ஏற்படுத்தியிருந்தார்கள். ரொட்டி சுடுவோர் இருந்த ஊர் பியெகாரி. கேடயம் செய்வோர் இருந்த ஊர் ஷ்சித்னிகி. கொல்லர் இருந்த ஊர் கோவாலே. கோவால் என்றே ஒரு பட்டணமும் இருக்கிறது. மகா காஸிமிர் என்று போற்றப்படும் அரசர் 1310-ஆம் வருஷம் பிறந்தது அந்தப் பட்டணத்திலேதான். 'ஸ்கி' என்ற விகுதிக்கு 'இன்ன இடத்தைச் சேர்ந்த' என்று பொருள். டார்னுவ் என்ற ஊரை உடைய பிரபு டார்னோவ்ஸ்கி ஆனார். 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் இந்த 'ஸ்கி' பிரபுக்களின் சொத்தாக இருந்தது. பிறகு பட்டணத்து வியாபாரியும், அவனைப் பார்த்துக் கிராமத்துக் குடியானவனும் அதைத் தங்கள் பெயரோடு ஒட்டவைத்துக் கொண்டார்கள். கோவாலே கிராமத்திலிருந்து வந்தவனும் கோவால்ஸ்கி. கொல்லன் மகனும் கோவால்ஸ்கி. யூதர்களிலும் கோவால்ஸ்கிகள் உண்டு. ஆகையால் இந்தப் பெயரை உடையவர்கள் எல்லாரும் ஒரே மூதாதையின் வழித்தோன்றல்கள் என்று எண்ணுவது தவறு. 'ஸ்கி' இருக்கிறதே, எங்கள் பாட்டனார் ஜமீன்தார்தான் என்று சொல்லிக்கொள்வதும் தவறு.

இன்றைக்குப் போலந்தில் அதிகம் பேர் வைத்திருக்கும் குடும்பப் பெயர் நோவாக். புதிதாக வந்தவன் என்று அதற்கு அர்த்தம். அதற்கு அடுத்தது கோவால்ஸ்கி. சுமார் 1,40,000 பேர் ஆணும் பெண்ணுமாக அந்தப் பெயரைத் தாங்குகிறார்கள். நாம் 'குப்பனும் சுப்பனும்' என்று சொல்லுகிற இடத்தில் போலந்துக்காரர் 'யான் கோவால்ஸ்கி' என்கிறார். விண்ணப்பத்தை எப்படிப் பூர்த்தி செய்வது என்று காட்டும் மாதிரிக் காகிதத்திலும் அந்தக் கற்பனை மனிதனே வந்து நிற்பான்.

இனி நம் மாணவனுடைய கேள்விக்கு வருவோம். இந்தப் பெயர் இலக்கணப்படி ஒரு பெயரடை. போலிஷ் பாஷையில் பெயரடை பால் காட்டும். நாம் நல்லவன், நல்லவள், நல்லவர் என்று சொல்லவில்லையா? அதைப் போலவே ஆண் கோவால்ஸ்கி, பெண் கோவால்ஸ்கா, குடும்பம் முழுவதும் கோவால்ஸ்த்ஸி. வேற்றுமைக்குத் தக்கபடியும் அது மாறும். 'கோவால்ஸ்கியினுடைய' என்று சொல்ல 'கோவால்ஸ்கியெகோ' என்பார்கள். ஆகவே அந்தத் தேசத்தில் குடும்பப் பெயர் என்பது கல்லில் பொறித்த முத்திரையல்ல. வாக்கியத்திற்குள்ளே வளைந்து கொடுக்கும் உயிருள்ள சொல். மனைவியின் பெயரில் 'ஸ்கா' என்று வந்தது அச்சுப் பிழையன்று, அதுவே சரி.

அப்படியானால் அமெரிக்காவில் மேரி கோவால்ஸ்கி என்று பெண்களுக்கும் 'ஸ்கி' இருப்பானேன்? இங்கேதான் சரித்திரம் குறுக்கிடுகிறது.

ருஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று வல்லரசுகள் 1772, 1793, 1795 ஆகிய வருஷங்களில் மூன்று தடவையாகப் போலந்தைப் பங்கு போட்டுக்கொண்டன. மூன்றாவது பங்கீட்டுக்குப் பிறகு பூகோளப் படத்தில் போலந்து என்ற பெயரே இல்லை. 1918-ஆம் வருஷம் நவம்பர் மாதம் வரையில், 123 வருஷ காலம், அந்த ஜனங்களுக்கு ஒரு ராஜ்யம் இல்லை. பாஷை இருந்தது; கோவில் இருந்தது; பெயர் இருந்தது. அவற்றையும் விட்டுவைக்க ஆள்வோருக்கு மனமில்லை. பிரஷ்ய ஆட்சியில் வ்ஷெஷ்னியா என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில், 1901-ஆம் வருஷம், மத போதனையை ஜெர்மன் பாஷையில் ஒப்பிக்க மறுத்த குழந்தைகளை உபாத்தியாயர்கள் பிரம்பால் அடித்தார்கள். ஆட்சேபித்த பெற்றோர்களைச் சர்க்கார் சிறையில் போட்டது. உபாத்தியாயத் தொழிலில் இருபது வருஷம் கழித்த நமக்கு, அந்தப் பிரம்பைப் பற்றிப் படிக்கும்போது தலை குனிகிறது.

வீட்டில் வறுமை, வெளியில் அந்நிய ஆட்சி. ஜனங்கள் கப்பலேறினார்கள். 1854-ஆம் வருஷம் ஸைலீஷியாவிலிருந்து சென்ற குடியானவர்கள், மோச்சிகெம்பா என்ற பாதிரியாரின் வழிகாட்டுதலில், டெக்ஸாஸ் மாகாணத்தில் பன்னா மரியா என்ற கிராமத்தை அமைத்தார்கள். அமெரிக்காவில் நிலைத்து நின்ற முதல் போலிஷ் குடியேற்றம் அது. 1870-க்கும் 1914-க்கும் இடையே பதினைந்து லட்சத்துக்குக் குறையாத பேர் அமெரிக்கா சென்றார்கள். சிகாகோ, டெட்ராயிட், மில்வாக்கி, பபலோ, பிட்ஸ்பர்க் முதலிய நகரங்களின் எஃகு ஆலைகளிலும் இறைச்சிக் கிடங்குகளிலும் அவர்களுக்கு வேலை கிடைத்தது. கொல்லன் பெயர் திரும்பவும் உலையின் முன்னே வந்து நின்றது! இன்று அமெரிக்காவில் தங்களைப் போலிஷ் வம்சத்தவர் என்று சொல்லிக்கொள்வோர் 80 லட்சத்துக்கு மேல்.

வேறு சிலர் பிரேஸில் சென்றார்கள். 1869-இல் ஆரம்பித்த அந்தக் குடியேற்றம் 1871-இல் பரானா மாகாணத்தின் குரிடீபா நகரத்தை எட்டியது. 1890-இல் 'பிரேஸில் ஜுரம்' என்றே பெயர் சூட்டும்படி அங்கே செல்லும் ஆசை கிராமம் கிராமமாகப் பரவிற்று. கப்பலேறப் பணமில்லாதவர்கள் ஜெர்மனியின் மேற்கிலுள்ள ரூர் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்றார்கள். 1914-க்குள் அங்கே மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட போலந்துக்காரர் இருந்தனர். முதல் மகாயுத்தத்துக்குப் பின், 1919-இல் பிரான்ஸும் போலந்தும் செய்துகொண்ட உடன்படிக்கையை அடுத்து, அவர்களில் ஒரு பகுதியார் பிரான்ஸின் வடக்குச் சுரங்கங்களுக்கு இடம் பெயர்ந்தனர்.

சென்ற இடத்திற்குத் தக்கபடி பெயர் மாறியதைக் கவனிப்பது சுவையான விஷயம். போலிஷ் எழுத்துமுறையில் இங்கிலீஷ் 'டபிள்யூ'வுக்கு 'வ' என்று திடமான உச்சரிப்பு. அமெரிக்காவில் எழுத்தைக் காப்பாற்றினார்கள், ஓசை போயிற்று. அந்த எழுத்தை இங்கிலீஷ்காரர் வாயைக் குவித்துச் சொன்னார்கள். பிரேஸிலில் சிலர் 'வி' போட்டு எழுதலானார்கள். ஓசை பிழைத்தது, எழுத்து போயிற்று. ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் கடைசி எழுத்து சில குடும்பங்களில் 'ஒய்' ஆயிற்று. ஆனால் எல்லா இடங்களிலும் பொதுவாகத் தொலைந்தது ஒன்று உண்டு. அதுதான் 'ஸ்கா'. போலிஷ் பாதிரிமார்கள் தங்கள் கோவில் பதிவேடுகளில் பெண்களைக் கோவால்ஸ்கா என்றே எழுதி வந்தார்கள். அந்நிய சர்க்காரின் குமாஸ்தாவுக்கோ, ஒரு குடும்பத்திற்கு ஒரு பெயர்தான். தகப்பன் கோவால்ஸ்கியானால் மகளும் கோவால்ஸ்கி. பால் மறைந்தது, வேற்றுமை மறைந்தது, வளையும் சொல் விறைத்துப் போயிற்று.

இவ்விடத்தில் ஒரு கட்டுக்கதையைத் தள்ளிவிட வேண்டும். நியூயார்க் துறைமுகத்து எல்லிஸ் தீவில், 1892 முதல் 1954 வரை வந்திறங்கியவர்களின் பெயர்களை அதிகாரிகள் தம் இஷ்டப்படி மாற்றி எழுதிவிட்டார்கள் என்று அநேகர் சொல்வதுண்டு. உண்மை அப்படியல்ல. புறப்பட்ட துறைமுகத்தில் கப்பல் கம்பெனியார் எழுதிய பட்டியலை வைத்துக்கொண்டு சரிபார்ப்பதே அந்த அதிகாரிகளின் வேலை. பெயர் மாறியது பின்னால்: ஆலை மேஸ்திரியின் சம்பளப் புத்தகத்தில், பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில், கோர்ட்டில் தாமே போட்ட மனுவில்.

மனுப் போட்டவர்களை நாம் ஏசத் துணிய மாட்டோம். 'ஸ்கி' என்ற ஓசையைக் கேட்டதும் வேலை காலியில்லை என்று கதவு சாத்தப்பட்டால் குடும்பஸ்தன் என்ன செய்வான்? கோவால்ஸ்கி அமெரிக்காவில் ஸ்மித் ஆனான். ரூரில் ஷ்மிட் ஆனான். பொருள் மாறவில்லை, அதே கொல்லன்தான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டிருப்பான் போலும். மார்ச்சிஷெவ்ஸ்கி என்பவர் மஸ்கீ என்று பெயரைச் சுருக்கிக்கொண்டார். அவருடைய மகன் எட்மண்ட் மஸ்கீ 1980-இல் அமெரிக்காவின் வெளிநாட்டு மந்திரியானார். பிரான்ஸில் சுரங்கத் தொழிலாளியின் மகன் கோபாஷெவ்ஸ்கி, கோபா என்ற பெயரோடு 1958-இல் ஐரோப்பாவின் சிறந்த கால்பந்து வீரரானார்.

இதற்கு நேர்மாறானதும் நடந்தது. கானடாவில் ஸ்புல்னிக் என்ற குடும்பத்தில் 1926-இல் பிறந்த ஒருவர், மல்யுத்த மேடைக்காகக் கோவால்ஸ்கி என்று பெயர் வைத்துக்கொண்டு பெரும் புகழ் பெற்றார். முரட்டுத் தொழிலாளி என்றால் கோவால்ஸ்கி என்ற எண்ணம் அதற்குள் அமெரிக்கர் மனத்தில் படிந்துவிட்டது. டென்னஸி வில்லியம்ஸ் 1947-இல் எழுதிய பிரசித்தமான நாடகத்தில் ஸ்டான்லி கோவால்ஸ்கி என்பவனே அதற்கு உருவம். தன்னை இழிபெயரால் அழைக்கும்போது அவன் சீறுகிறான். தான் அமெரிக்கன் என்கிறான். பெயரை மட்டும் அவன் மாற்றிக்கொள்ளவில்லை. 2008-இல் வெளிவந்த 'கிரான் டொரினோ' என்ற சினிமாவிலும் ஓய்வு பெற்ற மோட்டார் தொழிற்சாலைக் கிழவனுக்குக் கோவால்ஸ்கி என்றே பெயர்.

பெயரை மாற்றும்படி செய்தது ஆலை மட்டுமல்ல, பள்ளிக்கூடமும்தான். பிரேஸிலில் 1938-இல் வர்காஸின் சர்க்கார் அந்நிய பாஷைப் பள்ளிகளை மூடியபோது போலிஷ் பள்ளிகளும் மூடப்பட்டன. பாஷையைக் கற்காத குழந்தைக்கு 'ஸ்கா' என்பது தகப்பன் பெயரோடு ஒவ்வாத ஒரு பிழையாகத்தானே தோன்றும்? நம் மாணவனுக்குத் தோன்றியதைப் போலவே!

இரண்டாவது மகாயுத்தம் மறுபடியும் அந்த ஜனங்களைச் சிதறடித்தது. ஸோவியத் ருஷ்யாவின் உட்பகுதிகளுக்குக் கடத்தப்பட்டவர்களில் சில ஆயிரம் பேர் 1942-க்குப் பின் நம் தேசத்துக்கே வந்து சேர்ந்தனர். நவாநகர் ஜாம்ஸாகேப் பாலாச்சடியில் போலிஷ் குழந்தைகளை வைத்துக் காப்பாற்றினார். கோல்ஹாப்பூருக்கு அருகே வலிவடேயிலும் பெரியதொரு முகாம் இருந்தது. அந்த முகாம்களில் போலிஷ் பள்ளிக்கூடங்கள் நடந்தன. தாய்நாட்டிற்கு நாலாயிரம் மைல் தூரத்தில், இந்திய மண்ணில், 'ஸ்கா' பிழையாகவில்லை. யுத்தத்துக்குப் பிறகு அவர்களில் பலர் இங்கிலாந்துக்குச் சென்றனர்.

போலந்து ஐரோப்பிய ஐக்கியத்தில் சேர்ந்தது 2004-ஆம் வருஷம் மே மாதம். அதன் பிறகு இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் பிழைக்கச் சென்றவர்கள் மிகப் பலர். 2011-ஆம் வருஷத்து ஜனக்கணக்கில், இங்கிலாந்தில் இங்கிலீஷுக்கு அடுத்தபடியாக அதிகம் பேர் தாய்பாஷையாகப் பேசியது போலிஷ்தான். ஆனால் இந்தத் தடவை வந்தவர்கள் கையில் ஒரு சுதந்திர தேசத்தின் பாஸ்போர்ட் இருந்தது. கணவன் கோவால்ஸ்கி, மனைவி கோவால்ஸ்கா என்று அதில் தெளிவாக அச்சாகியிருந்தது. குமாஸ்தா புருவத்தை உயர்த்தினால், அவர்கள் மனுப் போடவில்லை; இலக்கணத்தை விளக்கினார்கள். நூறு வருஷத்துக்கு முன் கடலில் விழுந்த எழுத்து மறுபடியும் கரையேறிவிட்டது.

இவ்வளவையும் மறுநாள் வகுப்பில் சொல்லி முடித்தோம். பிறகு வருகைப் பதிவேட்டைத் திறந்தபோது நமக்கே ஒன்று உறுத்திற்று. வடக்கேயிருந்து இவ்வருஷம் வந்து சேர்ந்த பையன் ஒருவனுடைய பெயர் வாயில் நுழையவில்லை என்று, முதல் நாளே அதைச் சுருக்கிப் பாதியாக எழுதிவிட்டோம். ஜூன் மாதம் முதல் அவனும் அந்தப் பாதிப் பெயருக்கே "உள்ளேன் ஐயா" என்று சொல்லி வருகிறான். அவனை அருகே அழைத்து, முழுப் பெயரையும் மெதுவாகச் சொல்லச் சொன்னோம். இரண்டு முறை தவறிவிட்டு, மூன்றாம் முறை சரியாகச் சொன்னோம். சிவப்பு மையினால் பதிவேட்டைத் திருத்தினோம்.