குண்டு போட வந்தவர்கள் ஏமாந்தது ஏன்?

கொடைக்கானலில் இருந்து பேரிஜம் ஏரி வழியாக மூணாறு பக்கம் போகும் பழைய மலைப் பாதை ஒன்று இருக்கிறது. அதன் பெயர் "எஸ்கேப் ரோடு". தப்பி ஓடும் பாதை என்று அர்த்தம்!

8 ஆயிரம் அடிக்கு மேல் உயரம். இரு பக்கமும் சோலைக் காடு. இப்பொழுது பொதுமக்கள் அதில் மூணாறு வரை போக முடியாது. வனத்துறை அனுமதி பெற்று, பேரிஜம் வரை போய்த் திரும்பலாம்.

யார், யாருக்குப் பயந்து ஓட நினைத்தார்கள்?

வெள்ளைக்காரர்கள், ஜப்பானியருக்குப் பயந்து! பாதை முன்பே இருந்ததுதான். 1942-ல் அதை ஒரு புது வேலைக்காகத் தயார் செய்தார்கள். ஜப்பான் படை சென்னையில் இறங்கினால், பழனி மலையில் ஏறி, மறு பக்கம் இறங்கி, கொச்சியில் கப்பல் ஏறிவிடலாம் என்பது திட்டம்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. 1941 டிசம்பர் 7-ந் தேதி, நகுமோ என்ற தளபதி 6 விமானந்தாங்கிக் கப்பல்களுடன் வந்து, அமெரிக்காவின் முத்துத் துறைமுகத்தைத் தாக்கினார். அமெரிக்கர் தயாராக இல்லை. ரேடார் என்னும் கருவி, வரும் விமானங்களைக் காட்டத்தான் செய்தது. "நம் விமானமாக இருக்கும்" என்று இருந்துவிட்டார்கள்!

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன் போயிற்று. பர்மாவில் இருந்த தமிழர்கள் காடு மலை தாண்டி நடந்தே ஊர் திரும்பினார்கள். வழியில் இறந்தவர்கள் ஏராளம். அடுத்து நகுமோ இலங்கைக்குக் கிளம்பினார். இந்தத் தடவை 5 விமானந்தாங்கிகள்.

ஒரு தந்தி

ஆனால் இலங்கை முத்துத் துறைமுகம் அல்ல. ஜப்பானியர் வரப்போகிறார்கள் என்று பிரிட்டிஷாருக்கு முன்கூட்டியே துப்பு கிடைத்திருந்தது. கடற்படையின் பெரும் பகுதி மாலத்தீவுப் பக்கம் ஒளிந்திருந்தது. இலங்கையில் சண்டை விமானங்கள் காத்திருந்தன. கொழும்புக் குதிரைப் பந்தய மைதானத்தையே ரகசிய விமான நிலையமாக மாற்றியிருந்தார்கள்!

ஏப்ரல் 4-ந் தேதி. பர்ச்சால் என்ற கனடா நாட்டு விமானி, காலிக்குப் பக்கத்தில் உள்ள கொக்கலவில் இருந்து கடலைக் கண்காணிக்கப் பறந்தார். அவர் இலங்கைக்கு வந்து 2 நாள்தான் ஆகியிருந்தது. மாலையில், தூரத்தில் கப்பல்கள் தெரிந்தன. அருகே போய்ப் பார்த்தார். நகுமோவின் படை! உடனே கொழும்புக்குத் தந்தி பறந்தது. அதற்குள் ஜப்பான் விமானங்கள் அவரைச் சுட்டுக் கடலில் வீழ்த்தின.

அந்தத் தந்தி கிடைத்ததும், கொழும்புத் துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் பலவற்றை இரவோடு இரவாக வெளியே அனுப்பினார்கள்.

மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. காலையில் நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் கொழும்பின் மீது வந்தன. தேடி வந்த கடற்படை அங்கே இல்லை! மிஞ்சிய சில கப்பல்களின் மீது குண்டு போட்டுவிட்டுத் திரும்பின.

இதை முழு வெற்றி என்று சொல்லிவிட முடியாது. முந்தின நாளே சேதி வந்தும், காலையில் விமானங்கள் நெருங்கியபோது ரத்மலானை விமான நிலையத்துக்கு எச்சரிக்கை போகவில்லை. எதிரி தலைக்கு மேல் வந்த பிறகே சண்டை விமானங்கள் கிளம்பின. 20-க்கு மேற்பட்ட பிரிட்டிஷ் விமானங்கள் அழிந்தன. கண் பார்த்தது, காதுக்குச் சேதி எட்டவில்லை!

இன்னொரு சோகம். கொழும்பில் இருந்து கிளம்பிப்போன 2 போர்க்கப்பல்கள் நடுக்கடலில் அகப்பட்டுக்கொண்டன. அவற்றுக்கு மேலே காவலுக்கு ஒரு விமானம்கூட இல்லை. சிறிது நேரத்தில் இரண்டும் மூழ்கின. 424 பேர் இறந்தார்கள். 9-ந் தேதி திரிகோணமலை தாக்கப்பட்டபோதும் இதே கதைதான். துறைமுகத்தில் ரேடார் எச்சரித்தது. விமானங்கள் நேரத்தில் எழும்பின. ஆனால் ஆபத்துக்குப் பயந்து வெளியே அனுப்பிய "ஹெர்ம்ஸ்" என்ற விமானந்தாங்கி, தன்னிடம் சண்டை விமானம் இல்லாமல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. விமானந்தாங்கியில் விமானம் இல்லை என்றால் என்ன சொல்வது! அதன் உடைந்த உடல் இன்றும் அந்தக் கடலடியில் கிடக்கிறது.

ஜப்பானியருக்கும் அன்று கண் இல்லை. அவர்கள் கப்பல்களில் ரேடார் கிடையாது. 9 பிரிட்டிஷ் விமானங்கள் நகுமோவின் கப்பலுக்கு மேலேயே வந்துவிட்டன. குண்டுகள் பக்கத்தில் தண்ணீரில் விழுந்த பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது! குண்டு எதுவும் படவில்லை. அந்த 9 விமானங்களில் 5 திரும்பவில்லை. ஆனால் இரண்டே மாதத்தில், மிட்வே தீவுக்கு அருகே, நகுமோவின் 4 விமானந்தாங்கிகளை அமெரிக்க விமானங்கள் மூழ்கடித்தன. அவற்றில் 3, இலங்கைக்கு வந்தவை.

ஓடிய பட்டணம்

ஏப்ரல் 6-ந் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னையில் அந்த மாதம் ஒரு குண்டும் விழவில்லை. ஆனாலும் லட்சக்கணக்கானோர் மூட்டை முடிச்சுடன் ரயில் ஏறினார்கள். ஐகோர்ட்டு கோயம்புத்தூருக்குப் போயிற்று. குண்டு உடைப்பது கொஞ்சம்; குண்டைப் பற்றிய வதந்தி உடைப்பது அதிகம். ஜப்பானியச் சிப்பாய் ஒருவன்கூட சென்னையில் கால் வைக்கவில்லை. கொடைக்கானல் பாதையில் தப்பி ஓட வேண்டிய தேவையும் வரவில்லை.

இன்று எப்படி?

இன்றைய விமானங்கள் ஒலியை விட வேகமாகப் பறக்கின்றன. சில, ரேடாருக்கே அகப்படாதபடி கட்டப்பட்டவை. அப்படியானால் தயாராக இருப்பவனையும் வீழ்த்திவிடலாமா?

கண்ணைக் குத்திவிட்டால் முடியும். 1991 ஜனவரியில் ஈராக்கில் அமெரிக்கா அதைத்தான் செய்தது. முதல் இரவிலேயே ஹெலிகாப்டர்களை அனுப்பி ரேடார் நிலையங்களை நொறுக்கியது. பாக்தாத்தைச் சுற்றி எத்தனையோ பீரங்கிகள் இருந்தும் குருடாயின.

2022-ல் உக்ரைன் மீது பாய்ந்த ரஷியாவால் அப்படிச் செய்ய முடியவில்லை. ரஷிய விமானப்படை பல மடங்கு பெரியது. ஆனால் உக்ரைன் தன் ஏவுகணை வண்டிகளை ஓர் இடத்தில் நிறுத்தாமல் மாற்றிக்கொண்டே இருந்தது. ரஷியா ஆகாயத்தை முழுதாகப் பிடிக்க முடியவில்லை. ஆனாலும் ஏவுகணைகளும் டிரோன்களும் வீடுகள் மீது விழுந்துகொண்டே இருந்தன. தடுப்பு என்பது குடை மாதிரி. நனையாமல் யாரும் வீடு சேருவதில்லை.

2025 மே மாத இந்திய-பாகிஸ்தான் மோதலில் இந்தியா பல ரேடார்களை "ஆகாஷ்தீர்" என்ற வலையில் இணைத்துப் பயன்படுத்தியது. ஒரு ரேடார் பார்த்ததைப் பல பீரங்கிகள் உடனே தெரிந்துகொள்ள அது வழி செய்கிறது. ரத்மலானைக்கு 1942-ல் கிடைக்காத சேதி அதுதான்.

தந்தி அனுப்பிய பர்ச்சால் என்ன ஆனார்? அவருடைய விமானத்தில் இருந்த 9 பேரில் 3 பேர் இறந்தார்கள். மற்ற 6 பேரை ஜப்பானியர் கைது செய்தார்கள். 3 வருஷத்துக்கு மேல் சிறை. நோயாளிக் கைதிகளை வேலைக்கு அனுப்ப முடியாது என்று எதிர்த்து நின்று, அவர் பல தடவை அடி வாங்கினார். 1945-ல் விடுதலையாகி நாடு திரும்பினார். 2004-ல், 89-வது வயதில், கனடாவில் காலமானார்.