எல்லாம் பூச்சிதானாம்!

பிள்ளைக்கு வயிற்று வலி என்று யாராவது வாய் திறந்தால் போதும், தெருவில் பாதிப் பேர் டாக்டராகி விடுவார்கள். பாட்டி "பூச்சிதான்" என்பார். எதிர்வீட்டு அக்கா "கண்ணு பட்டிருக்கு, மிளகாய் சுத்திப் போடு" என்பார். மருந்துக் கடைக்காரர் சீட்டே கேட்காமல் பூச்சி மருந்தை நீட்டுவார். எதற்கும் அசையவில்லையா? இருக்கவே இருக்கிறது, தொக்கம்!

தெரியாதவர்களுக்காக: தின்றது உள்ளே எங்கோ சிக்கிக்கொண்டதால்தான் பிள்ளை இளைக்கிறதாம். வயிற்றை நீவி, வாயையோ குழாயையோ வைத்து உறிஞ்சி, கடைசியில் ஏதோ ஒரு துண்டை எடுத்துக் காட்டுவார்கள். "இங்கு தொக்கம் எடுக்கப்படும்" என்று போர்டு கூட உண்டு. சாப்பிட்டது சில மணி நேரத்தில் இரைப்பையைத் தாண்டிப் போய்விடும். போன மாதம் தின்ற பரோட்டா தோலைக் கிழிக்காமல் முழுசாக எப்படி ஐயா வெளியே வருகிறது? பத்தாம் வகுப்பு அறிவியல் போதும் இதைக் கேட்க. ஆனால் டிகிரி முடித்த அப்பாக்களே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

பூச்சியே கிடையாது என்று யாரும் சொல்லவில்லை. 2015 முதல் தேசிய குடற்புழு நீக்க நாள் என்று வைத்து, பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் கொடுப்பது சும்மா இல்லை. கொக்கிப்புழு ரத்தத்தையே குடிக்கும். ஆனால் மாத்திரை போட்டும் வலி நிற்கவில்லை, எடையும் ஏறவில்லை என்றால் அடுத்த கேள்வி கேட்க வேண்டுமா, இல்லையா? இங்கே அடுத்த பூச்சி மருந்து வாங்குகிறார்கள்.

வெறும் வயிற்று வலி என்பது வேறு கதை. 1958-ல் ஜான் ஆப்ளி என்ற இங்கிலாந்து குழந்தை மருத்துவர் ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்ததில், பத்தில் ஒருவருக்கு அடிக்கடி வயிறு வலித்தது. பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித்தான் வலி, பெரிய நோய் எதுவும் இல்லை. பரிட்சை பயம், பள்ளிக்கூட பயம் எல்லாம் இதில் சேரும். அப்படிப்பட்ட பிள்ளைகள் வளர்ச்சி குறையாமல் வளர்வார்கள். வலியோடு எடையும் குறைகிறது என்றால் அதை "ஸ்கூலுக்குப் போகாம இருக்க நடிக்கிறான்" என்று தள்ளக் கூடாது. எடையை நடித்துக் குறைக்க முடியாது!

முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரை. "சின்னப் பிள்ளைக்கு எப்படிங்க சுகர் வரும்?" என்று சிரிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டைப் 1 வரும், கைக்குழந்தைக்குக் கூட வரும். இன்சுலின் சுரப்பது நின்றுபோய், தின்றது செல்லுக்குள் போகாமல் ரத்தத்திலேயே தங்கும். உடம்பு வேறு வழியில்லாமல் கொழுப்பை எரிக்கும். அதில் வரும் கீட்டோன் அமிலம் ஏறும்போதுதான் வயிற்று வலி, வாந்தி, பெருமூச்சு எல்லாம். அதற்கு முன்பே குடம் குடமாகத் தண்ணீர் குடித்திருக்கும், விட்டுப்போன படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்பியிருக்கும். வீட்டில் என்ன செய்வார்கள்? "பிள்ளை துவண்டு போச்சு" என்று குளுக்கோஸ் கரைத்துக் கொடுப்பார்கள். கொடுமை!

1922 ஜனவரியில் டொராண்டோவில் முதன்முதலாக இன்சுலின் போடப்பட்ட லெனார்ட் தாம்சனுக்கு வயது 14, எடை 30 கிலோ கூட இல்லை. அதன் பிறகு 13 வருடம் வாழ்ந்தான். அந்த ஊசி இல்லாத காலத்துப் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. இன்று மருந்து கையில் இருக்க, தொக்கம் எடுக்கும் வரிசையில் நாள் போகிறது.

அடுத்தது காசநோய். இருமல் இருந்தால்தான் டிபி என்பது தப்பு. குடலிலும் வயிற்று நெறிக்கட்டிகளிலும் வரும். மாலையில் லேசான காய்ச்சல், பசியின்மை, இளைப்பு, அவ்வளவுதான் தெரியும். அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக், குடலைப் புண்ணாக்கும் கிரோன் எல்லாம் தமிழ்நாட்டில் குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, விடாத காய்ச்சல், இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

டாக்டர்களுக்கும் ஒன்று. பிள்ளையை எடை மிஷினில் நிறுத்தாமலே வயிற்று வலி சிரப் எழுதித் தருபவருக்கும் தொக்கம் எடுப்பவருக்கும் என்ன பெரிய வித்தியாசம்? விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், சில நொடி, சர்க்கரை எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்குக் காசு கூட கிடையாது.