அம்மா வட்டமிட்ட மூன்று

சுங்கை ஆயர் தாவாரில் எங்கள் தோட்டத்துக்கு ஒருமுறை உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றின் வணிகப் பள்ளியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கையில் ஆறு பக்கப் படிவம், மலாயிலும் ஆங்கிலத்திலும். அம்மா உதிரிப் பழம் பொறுக்கிவிட்டு அப்போதுதான் காட்டிலிருந்து வந்திருந்தார். படித்துச் சொல்லும் வேலை எனக்கு.

'என் நிறுவனத்தின் தலைமைத்துவம் எனக்கு ஊக்கமளிக்கிறது.' ஒன்று என்றால் அறவே உடன்படவில்லை. ஐந்து என்றால் முற்றிலும் உடன்படுகிறேன்.

"தலைமைத்துவம்னா யாருடா? மண்டோரா, கிராணியா?"

வந்தவர்களிடம் கேட்டேன். பொதுவாகச் சொன்னால் போதும் என்றார்கள்.

"அப்ப எல்லாத்துக்கும் மூணு போட்டுரு. நடுவுல நின்னா யாரும் வந்து கேக்க மாட்டாங்க."

எல்லாக் கேள்விக்கும் மூன்று. ஒரு பேனாவைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

பல வருடம் கழித்து நானே ஒரு வணிகப் பள்ளியில் முதுகலை படித்தேன். அந்த மூன்றுகளுக்கு என்ன ஆகியிருக்கும் என்று அங்கேதான் தெரிந்தது. எல்லாக் கேள்விக்கும் ஒரே எண்ணை வட்டமிட்டவர் அக்கறையில்லாமல் பதில் சொன்னவர். அவருடைய படிவத்தை முதலிலேயே தூக்கிவிட வேண்டும். இதற்குத் தரவைச் சுத்தம் செய்வது என்று பெயர். நானும் சுத்தம் செய்தேன். என் ஆய்வேட்டுக்காக அப்படி எத்தனையோ படிவங்களை நீக்கியிருக்கிறேன். பிறகு ஒருநாள்தான் உறைத்தது. வேலை போய்விடுமோ என்று பயந்த ஒரு பெண் அந்தப் படிவத்தில் சொன்ன ஒரே உண்மை அந்த 'மூன்று'தான். அதைத்தான் நாங்கள் அழுக்கு என்றோம்.

நம் வணிகப் பள்ளிகள் தயாரித்துத் தள்ளும் நிர்வாகவியல் கட்டுரைகளில் பெரும்பாலானவை எப்படிச் சமைக்கப்படுகின்றன என்று உள்ளே இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வெளிநாட்டுக் கட்டுரை ஒன்றிலிருந்து கேள்விகளை எடு. தலைப்பில் 'மலேசியச் சூழலில்' என்று சேர். கைக்கு எட்டிய 200 பேரிடம் நிரப்பி வாங்கு. ஸ்மார்ட் பிஎல்எஸ் மென்பொருளில் ஊற்று. குரோன்பாக் ஆல்ஃபா 0.7-ஐத் தாண்டி, பி மதிப்பு 0.05-க்குக் கீழே இறங்கினால் கருதுகோள் ஏற்கப்பட்டது. கடைசிப் பத்தியில், நிர்வாகம் ஊழியர்களை ஊக்குவிக்க வேண்டும் என்று ஒரு பரிந்துரை. இதைச் சொல்ல எங்கள் தோட்டத்து ஒட்டுக்கடை போதும்.

இந்த நோய் இங்கே பிறந்ததல்ல. 1959-இல் ஃபோர்டு, கார்னகி அறக்கட்டளைகளின் ஆதரவில் இரண்டு அறிக்கைகள் வந்தன. அமெரிக்க வணிகப் பள்ளிகளில் ஆய்வுத் தரமே இல்லை என்று இரண்டும் குற்றம் சாட்டின. அதன் பிறகு அவை அறிவியல் வேடம் போட ஆரம்பித்தன. நம் நாட்டில் 2006-இல் மலாயா, கெபாங்சான், சைன்ஸ், புத்ரா ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களுக்கு ஆய்வுப் பல்கலைக்கழகம் என்ற தகுதி கிடைத்தது. எண்ணிக்கை வெறியும் கூடவே வளர்ந்தது. ஸ்கோப்பஸில் எத்தனை, கியூ1 இதழில் எத்தனை, மேற்கோள் எத்தனை. பதவி உயர்வு அந்த எண்ணில் தொங்குகிறது. கட்டுரையில் வரும் மனிதர்களுக்கு என்ன ஆனது என்பதற்கு அந்தக் கணக்கில் கட்டமே இல்லை.

2018-இல் மார்ட்டின் பார்க்கர் என்ற பிரிட்டிஷ் பேராசிரியர் வணிகப் பள்ளிகளையே இழுத்து மூடச் சொல்லிப் புத்தகம் எழுதினார். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். காரணம், இதே மண்ணில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது.

ஐம்பதுகளில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள். வேலையும் லயத்து வீடும் ஒரே நாளில் போயின. துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் பணம் திரட்டி, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதனால்தான். அதே காலத்தில் மலாயாப் பல்கலைக்கழகப் பொருளாதாரத் துறையிலிருந்து உங்கு அசிஸ், 1951 முதல் 1960 வரை நடந்த தோட்டத் துண்டாடலைப் பற்றி மூன்று தொகுதி ஆய்வு கொண்டுவந்தார். தோட்டம் உடைந்தால் தொழிலாளியின் வாழ்க்கை என்ன ஆகிறது என்பதை அது கேட்டது. கிராமத்து வறுமையை அளக்க, ஒரு வீட்டில் எத்தனை பேர், எத்தனை கைலி என்று எண்ணிப் பார்த்தவரும் அவர்தான். கைலியை எண்ண வேண்டுமென்றால் வீட்டுக்குள் நுழைய வேண்டும். 'ஒன்று முதல் ஐந்து வரை'க்கு அது தேவையில்லை.

இன்று கேட்க வேண்டிய கேள்விகளா இல்லை? 1917-இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவானது கோல சிலாங்கூர் வட்டாரத் தென்னமரத்தில்தான். நூறு வருடம் தாண்டிவிட்டது. பக்கத்தில் பெஸ்தாரி ஜெயாவில் மேரி, நைஜல் கார்டனர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் ஒரு சொந்த வீட்டுக்காக 20 வருடத்துக்கு மேல் போராடினார்கள். தோட்ட நிலம் வீடமைப்பு நிலமாக மாறும்போது விலை எத்தனை மடங்கு ஏறுகிறது? அதில் லயத்தில் இருந்தவர் கைக்கு எவ்வளவு வருகிறது? இதைவிடச் சுத்தமான நிர்வாகவியல் கேள்வி, பொருளாதாரக் கேள்வி எது? 1981 செப்டம்பர் 7 அன்று லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்தில் கத்ரி நிறுவனம் பிஎன்பி கைக்கு வந்தது. அதை ஒரு வெற்றிக் கதையாகப் படிக்கிறோம். மறுநாள் காலைப் பெரட்டில் நின்றவனுக்கு அதனால் என்ன மாறியது என்று எந்த வகுப்பிலும் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

பயமும் ஒரு காரணம். 2006-இல் ஆஸ்லி ஆய்வு மையத்தில் லிம் டெக் கீ தலைமையில் வந்த அறிக்கை, பூமிபுத்ரா பங்குரிமை 45 விழுக்காடு வரை இருக்கலாம் என்றது. அரசுக் கணக்கு 18.9. அறிக்கை திரும்பப் பெறப்பட்டது. அவர் பதவி விலகினார். அப்புறம் தலைமைத்துவத்தையும் ஊக்கத்தையும் பற்றி எழுதுவதுதானே பாதுகாப்பு? அம்மா நடுவில் நின்ற மாதிரியே பேராசிரியர்களும் நிற்கிறார்கள். ஒரு வித்தியாசம், அவர்கள் போடும் மூன்றுக்குப் பதவி உயர்வு கிடைக்கிறது.

'தோட்டத்தில் இப்போது தமிழர்கள் எங்கே இருக்கிறார்கள்? இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும்தானே' என்று ஒரு நண்பர் மடக்கினார். சரி. அவர்களிடம் யார் எந்த மொழியில் கேட்கிறார்கள்? கடப்பிதழை முதலாளியிடம் கொடுத்துவிட்டு நிற்பவர் எந்த எண்ணை வட்டமிடுவார்?

இதைப் படிக்கும் உங்களில் பலர் இப்போது ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பீர்கள். பட்டத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. மூன்று காரியம் செய்யுங்கள். கேள்வியை எழுதும் முன் அந்த வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். முடிவை அவர்கள் மொழியில் இரண்டு பக்கம் எழுதி, எங்கே கேட்டீர்களோ அங்கேயே கொண்டுபோய்க் கொடுங்கள். ஒரே எண்ணை வட்டமிட்ட படிவத்தை நீக்கும் முன், ஏன் என்று போய்க் கேளுங்கள்.

அம்மா இடம்பெற்ற, அல்லது நீக்கப்பட்ட, அந்தக் கட்டுரையை இணையத்தில் தேடிக் கண்டுபிடித்தேன். முழுசாகப் படிக்க வெளிநாட்டுப் பதிப்பகம் கேட்ட பணம், அம்மாவின் ஒரு நாள் கூலிக்கு மேல். அவரிடம் சொன்னேன்.

"நாமதானேடா எழுதிக் குடுத்தோம்? அதுக்கு நம்மகிட்டயே காசா?"

நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியைக் கருதுகோளாக வைத்து யாராவது ஒரு வணிகப் பள்ளி ஆய்வு செய்யட்டும்.