பரணில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர்... உயிர் கொடுக்கும் குட்டி சிப்!

காட்டுமன்னார்கோயில் பக்கம் வயல் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். வீராணம் தண்ணீர் வாய்க்காலில் வருகிறது. எந்த மடையைத் திறக்கிறோம், எதை மண் போட்டு அடைக்கிறோம் என்பதைப் பொறுத்து நனைகிற வயல் மாறும். எஃப்.பி.ஜி.ஏ என்கிற சிப்பும் அப்படித்தான். உள்ளே ஆயிரக்கணக்கில் குட்டி லாஜிக் சுற்றுகள். எது எதோடு இணைய வேண்டும் என்று நாம் எழுதிக் கொடுத்தால், அது நாம் கேட்ட சிப்பாகவே மாறிவிடும்.

சரி, இது யாருக்குத் தேவை?

1984-ல் மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டத்தில் ஏறத்தாழ 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்கள் போயின. மெமரி வெறும் 32 கே.பி. வாட்ஸ்அப்பில் வரும் குட்மார்னிங் படம் ஒன்றுகூட அதில் அடங்காது! ஆனால், அதைச் செய்த ஏகார்ன் நிறுவனம் 1985-ல் உருவாக்கிய ஏ.ஆர்.எம் பிராசஸரின் வாரிசுதான் நீங்கள் இதைப் படிக்கும் போனுக்குள் இருக்கிறது. முதல் ஏ.ஆர்.எம் சிப்பை ஓட்டிப் பார்த்ததே பிபிசி மைக்ரோவோடு இணைத்துத்தான்.

அந்த மெஷினின் மூளையான 6502-ன் புது வடிவம் இன்றும் விற்பனையில் உண்டு. சிக்கல், திரைக்குப் படம் அனுப்பும் வீடியோ யு.எல்.ஏ சிப்தான். அந்த மெஷினுக்கென்றே ஃபெரான்டி நிறுவனம் செய்து கொடுத்தது. கையை வைத்தால் சுடும். செத்துப்போனால் புதிதாகக் கிடைக்காது. இன்னொரு பழைய மெஷினைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். ஒன்றைப் பிழைக்க வைக்க இன்னொன்றைக் கொல்வதா? அதனால்தான் ஆர்வலர்கள் அதன் வேலையைப் புரோகிராம் செய்யும் சிப்புகளில் எழுதிவைக்கிறார்கள்.

நம் சென்னை ஐ.ஐ.டி-யின் 'சக்தி' பிராசஸரும் முதலில் எஃப்.பி.ஜி.ஏ-வில் ஓடிப் பார்த்துவிட்டுத்தான் சிலிக்கானுக்குப் போனது. 2018-ல் அதன் ஒரு சிப் தயாரானது சண்டிகர் பக்கத்து எஸ்.சி.எல்-லில். எண்பதுகளில் பிபிசி மைக்ரோவை இந்தியாவில் தயாரித்ததும் அதே எஸ்.சி.எல்தான்!

தொடங்க எதையும் வாங்க வேண்டாம். லேப்டாப்பில் 'ஐகாரஸ் வெரிலாக்' என்ற இலவச மென்பொருள் போதும். வெரிலாக் மொழி பார்க்க சி மாதிரி இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். அது வரி வரியாக ஓடும் புரோகிராம் இல்லை. நீங்கள் விவரிக்கும் சுற்றுகள் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்யும். இன்ஜினீயரிங் படிக்காத எனக்கு இது புரியவே ஒரு வாரம் போனது. வீட்டில் இ.சி.இ படிக்கும் பிள்ளை இருந்தால் கூப்பிட்டு உட்காரவையுங்கள். வி.எல்.எஸ்.ஐ லேபில் பார்த்திருப்பார்.

பிறகு 'டேங் நேனோ 9கே' மாதிரி சின்ன போர்டு. அதில் கடிகாரத் துடிப்பு நொடிக்கு 2 கோடியே 70 லட்சம். 1 கோடியே 35 லட்சம் துடிப்பு எண்ணியதும் எல்.இ.டி-யை மாற்று என்று எழுதினால், அரை நொடி எரியும், அரை நொடி அணையும். அற்பமாகத் தெரியும். ஆனால், இந்த எண்ணும் வேலைதான் வீடியோ சிப்பின் அடிப்படை. திரையில் எத்தனையாவது கோடு, எத்தனையாவது புள்ளி என்று அதுவும் எண்ணிக்கொண்டே இருக்கிறது. அடுத்து, மானிட்டரில் ஒரு வண்ணப் பட்டை. அதன் பிறகு, பலர் எழுதி இலவசமாக வைத்திருக்கும் 6502 வடிவமைப்பு. முதல் நாளே முழு கம்ப்யூட்டர் என்று இறங்கினால், போர்டு டப்பாவுக்குத் திரும்பிவிடும்.

பழைய மெஷினோடு இணைக்கும்போது மட்டும் கவனம். அது 5 வோல்ட். இந்த போர்டின் கால்கள் 3.3 வோல்ட். நேராக இணைத்தால் போர்டு போய்விடும். நடுவில் லெவல் ஷிஃப்டர் அவசியம். சின்ன வேலை என்றால் 'ஏ.டி.எஃப் 22வி10' சிப் பார்க்கலாம். 5 வோல்ட்டிலேயே ஓடும், 24 கால்தான். எழுதிப் பதிக்கத் தனி புரோகிராமர் கருவி வேண்டும்.

இன்னொன்று... பரணில் பிபிசி மைக்ரோ கிடைத்தால் சந்தோஷத்தில் உடனே ப்ளக்கில் சொருகாதீர்கள். அதன் பவர் சப்ளையில் இருக்கும் பழைய கெபாசிட்டர்கள் புகைவதற்குப் பேர்போனவை. விஷயம் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து அதை மாற்றிவிட்டு, பிறகு ஸ்விட்ச்சைத் தொடுங்கள்.